பத்து நாள் சுற்றுலாவுக்குத் தனியாக ஒரு கேமரா வாங்கலாமா, போன் போதுமா?

கடல்கிளி:
எல்லோருக்கும் வணக்கம். இன்னும் ஐந்து வாரத்தில் குடும்பத்தோடு பத்து நாள் பயணம். முதலில் மலை, நடுவில் இரண்டு நாள் காட்டுக்குள் ஜீப் சஃபாரி, கடைசியில் கடற்கரை. நான், கணவர், ஆறு வயது மகன், என் அம்மா என நான்கு பேர்.

என்னிடம் இருப்பது மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய நடுத்தரப் போன். பின்னால் இரண்டு லென்ஸ்: ஒன்று சாதாரணம், இன்னொன்று அகலக்கோணம். தூரத்தில் இருப்பதை எடுக்கும் டெலிபோட்டோ கிடையாது. கணவரிடம் கேமரா பேச்சை எடுத்தால், "பயணச் செலவில் ஆறில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்" என்கிறார். எனக்கோ போன தடவை எடுத்த படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சாயங்காலம் எடுத்த படங்களில் அம்மாவின் முகம் மெழுகு பூசியது போல இருக்கிறது. குரங்கு என்று எடுத்த படத்தில் குரங்கைத் தேட வேண்டியிருக்கிறது.

வாங்கலாமா? வாங்கினால் எந்த மாதிரி? இரண்டு கட்சிக்காரர்களும் சொல்லுங்கள். சண்டை மட்டும் வேண்டாம்.

பாரமில்லாப்பை:
சண்டை வேண்டாம் என்று தொடங்கிய இழைகள்தான் இங்கே பத்துப் பக்கம் ஓடும், பார்த்திருக்கிறேன். :)

வாங்காதீர்கள். சுருக்கமாகக் காரணம்: ஐந்து வாரத்தில் கேமரா வாங்கலாம், பழக முடியாது. பயணத்துக்கென்று வாங்கிய கேமரா முதல் இரண்டு நாள் கழுத்தில் தொங்கும். மூன்றாம் நாள் பைக்குள் போகும். ஐந்தாம் நாள் அறையிலேயே தங்கிவிடும். வீடு திரும்பியதும் அலமாரி. நானே இரண்டு கேமராக்களை இப்படி அலமாரிக்கு அனுப்பியவன்.

உலகமே இந்தத் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. 2010இல் ஒரே ஆண்டில் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே. இத்தனை கோடிப் பேரும் முட்டாள்களா?

ஒளிக்கீற்று:
முட்டாள்கள் இல்லை. அவர்கள் கைவிட்டது பெரும்பாலும் சட்டைப்பை அளவு மலிவுக் கேமராக்களை. அவை போனைவிட மோசமாக எடுத்தன, அதனால் போயின. அதை வைத்து எல்லாக் கேமராவுக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கடல்கிளி, "மெழுகு முகம்" என்று சரியாகச் சொன்னீர்கள். காரணம் சென்சாரின், அதாவது லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லின், அளவு. நடுத்தரப் போன்களில் பரவலாக இருக்கும் அரை அங்குல வகைச் சென்சார் சுமார் 6.4 × 4.8 மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய மிரர்லெஸ் கேமராக்களில் சாதாரணமாக வரும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் சுமார் 23.5 × 15.6 மில்லிமீட்டர். பரப்பளவில் ஏறக்குறைய 12 மடங்கு. வெளிச்சம் குறைந்த நேரத்தில் சின்னச் சென்சாருக்குக் கிடைப்பது கொஞ்ச வெளிச்சம், அதனால் படம் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளிகள். போன் அந்தப் புள்ளிகளை மென்பொருளால் தேய்த்து அழிக்கிறது. தேய்க்கும்போது அம்மாவின் சுருக்கங்களும் சேர்ந்து போகின்றன. அதுதான் மெழுகு.

ஒரு மிரர்லெஸ் வாங்கினால் இந்தப் பிரச்சினை தீரும்.

பாரமில்லாப்பை:
» ஒரு மிரர்லெஸ் வாங்கினால் இந்தப் பிரச்சினை தீரும்

இங்கேதான் கேமராக் கட்சிக்காரர்கள் பாதிக் கணக்கைச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். மீதியை நான் சொல்கிறேன்.

மிரர்லெஸோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸின் அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்; எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறையும்) எஃப்/3.5 முதல் 5.6 வரை. போனின் லென்ஸ் எஃப்/1.8 அளவில் இருக்கும். எஃப்/5.6 துவாரம் எஃப்/1.8ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு குறைவாக வெளிச்சம் விடும். சென்சார் 12 மடங்கு பெரிது, லென்ஸ் 10 மடங்கு இருட்டு. மிச்சம் என்ன? கையில் ஒரு கனமான பெட்டி, ஒரு சார்ஜர், கழுத்துவலி.

இதற்கு மேல் போன் ஒரே அழுத்தலில் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்குகிறது. கூகுள் போன்களில் 2018இல் வந்த நைட் சைட் தொடங்கி இன்று நடுத்தரப் போன்களிலும் இது வந்துவிட்டது. ஒன்பது படங்களை அடுக்கினால் புள்ளிகள் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பெரும்பாலான கேமராக்கள் அந்த வேலையைச் செய்யாது. வீட்டுக்கு வந்து கணினியில் நீங்கள்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும். செய்வீர்களா?

ஒளிக்கீற்று:
கணக்கைச் சரியாகத்தான் போட்டீர்கள், ஆனால் எங்கே போட்டீர்கள் என்று பாருங்கள். எஃப்/5.6 வருவது கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால். ஜூம் செய்யாத நிலையில் எஃப்/3.5. போன் பார்க்கும் கோணமும் கிட்டத்தட்ட அதுதான். அங்கே லென்ஸால் இழப்பது 4 மடங்கு கூட இல்லை, சென்சாரால் லாபம் 12. ஆக கேமராவுக்கு 3 மடங்கு மிச்சம்.

ஜூம் செய்த நிலைக்கே வருவோம். கிட் லென்ஸ் முழு ஜூமில், அதாவது 55 மில்லிமீட்டரில் (இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), காட்டும் காட்சியைப் போனில் பெற வேண்டுமானால் விரலால் மூன்று மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். டெலிபோட்டோ இல்லாத போனில் விரலால் இழுப்பது என்றால் சென்சாரின் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுப்பது. பத்தில் ஒரு பங்கு சென்சார்தான் மிஞ்சும். 31 சதுர மில்லிமீட்டரில் 3. அதை வைத்துக்கொண்டு எத்தனை படம் அடுக்கினால் என்ன?

அடுக்கும் வித்தை அசையாததற்குத்தான். ஆறு வயதுப் பையன் ஒன்பது படம் எடுத்து முடிக்கும் வரை அசையாமல் நிற்பானா?

மூணுகால்முத்து:
இருவரும் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். நான் எந்தக் கட்சியும் இல்லை, ட்ரைபாட் கட்சி.

கடல்கிளி அக்கா இரண்டு குறை சொன்னார், கவனித்தீர்களா? ஒன்று அம்மாவின் முகம், மற்றொன்று குரங்கு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முகத்துக்கு வெளிச்சம் வேண்டும், குரங்குக்கு எட்டும் தூரம் வேண்டும். முகத்துக்கு ஒரு மிரர்லெஸும் 35 அல்லது 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸும் போதும். அதை வைத்துக் குரங்கை எடுக்க முடியாது. குரங்குக்கு நீள ஜூம் வேண்டும். அதில் சாயங்கால முகம் போனைவிட நன்றாக வராது. இரண்டும் ஒரே உடம்பில் வேண்டும் என்றால் எடையும் விலையும் எங்கேயோ போகும். "எந்தக் கேமரா" என்று கேட்கும் முன் "எந்தப் படம்" என்று சொல்லுங்கள்.

பறவைநோக்கி:
சஃபாரி என்று பார்த்ததும் வந்துவிட்டேன். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

ஒரு கணக்கு. ஜீப்பிலிருந்து 50 மீட்டர் தூரத்தில் இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு விலங்கு நிற்கிறது. காட்டில் 50 மீட்டர் என்பது அதிர்ஷ்டம். போனின் சாதாரண லென்ஸ் (36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழு அளவுச் சென்சார் கணக்கில் 26 மில்லிமீட்டர்) அந்தத் தூரத்தில் சுமார் 70 மீட்டர் அகலக் காட்சியைப் பிடிக்கும். 4,000 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள படத்தில் அந்த விலங்குக்குக் கிடைப்பது சுமார் 115 புள்ளி. காதிலிருந்து வால் நுனி வரை 115. உங்கள் குரங்கு ஏன் காணாமல் போனது என்று இப்போது தெரிகிறதா?

அதே கணக்கில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் அதே இடத்தில் 6 மீட்டர் அகலம்தான் பிடிக்கும். விலங்கு படத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறைக்கும். எந்த மென்பொருளும் இந்த இடைவெளியை நிரப்பாது. நிரப்பினாலும் அது அந்த விலங்காக இருக்காது. 2023இல் ஒரு பிரபலப் போனின் நிலாப் படங்கள் பற்றி எழுந்த சர்ச்சை நினைவிருக்கிறதா? வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் வைத்து ஒருவர் போனால் எடுத்தார். மூலப் படத்தில் இல்லாத பள்ளங்களெல்லாம் போன் படத்தில் வந்தன. நாளைக்கு உங்கள் சிறுத்தைக்கும் போன் இப்படிப் புள்ளி வைத்துக் கொடுக்கும்.

பாரமில்லாப்பை:
அண்ணே, பத்து நாளில் சஃபாரி இரண்டே நாள். அதிலும் விலங்கு கண்ணில் படும் நேரம் எல்லாம் சேர்த்து அரை மணி இருக்குமா? அந்த அரை மணிக்காகப் பத்து நாளும் ஒன்றரைக் கிலோ சுமக்கச் சொல்கிறீர்கள். நிக்கானின் பி1000 என்று 2018இல் வந்ததே, 3000 மில்லிமீட்டர் வரை எட்டும், 1.4 கிலோ. அதன் சென்சார் என்ன அளவு? போன் சென்சார் அளவுதான். அதிகாலை சஃபாரியில், வெளிச்சமே இல்லாத நேரத்தில், குலுங்கும் ஜீப்பில், அதை நீட்டி என்ன எடுப்பீர்கள்?

பறவைநோக்கி:
பி1000 வாங்கச் சொன்னேனா? நான் சொன்னது 300. குலுங்கும் ஜீப்பில் யாரும் எடுக்க மாட்டார்கள். ஓட்டுநரிடம் சொன்னால் என்ஜினை நிறுத்துவார். ஷட்டர் வேகத்தை 1/500 விநாடிக்குக் கீழே விடாமல், முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றி எடுக்க வேண்டும். அதிகாலைப் புள்ளிகள் பற்றிச் சொன்னது உண்மைதான், மறுக்கவில்லை. புள்ளி விழுந்த சிறுத்தை வேண்டுமா, 115 புள்ளிச் சிறுத்தை வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பழையரோல்:
பெரியவன் ஒருவன் நடுவில் பேசலாமா?

எங்கள் காலத்தில் ஒரு ஃபிலிம் ரோலுக்கு 36 படம். ஒரு பயணத்துக்கு இரண்டு ரோல். ஒவ்வொரு முறை அழுத்தும் முன்னும் யோசிப்போம். இப்போது ஒரு அருவிக்கு 60 படம் எடுக்கிறார்கள், அருவியைப் பார்ப்பதில்லை.

லிண்டா ஹென்கல் என்ற உளவியல் ஆய்வாளர் அருங்காட்சியகம் ஒன்றில் செய்த ஒரு சோதனை 2014இல் வெளியானது. சில பொருள்களை வெறுமனே பார்க்கச் சொன்னார், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்த பொருள்களே அதிகம் நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு கையை விரித்துவிடுகிறது போலும். ஆகவே மகளே, போனும் வேண்டாம், கேமராவும் வேண்டாம் என்பேன். கேட்க மாட்டீர்கள், தெரியும்.

ஒளிக்கீற்று:
ஐயா, அந்த ஆய்வின் இரண்டாம் பாதியையும் சொல்லுங்கள். பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு மறதி வரவில்லை. ஜூம் செய்யாத பகுதிகூட நினைவில் நின்றது. நின்று, உற்றுப் பார்த்து, எதை எடுப்பது என்று முடிவு செய்தால் மனசும் கூடவே பார்க்கிறது. நீங்கள் 36 படத்துக்கு யோசித்ததும் அதேதான். கேமரா கையில் இருந்தால் நான் அப்படித்தான் பார்க்கிறேன். போன் கையில் இருந்தால் நீட்டுகிறேன், அழுத்துகிறேன், அப்புறம் வந்திருக்கும் செய்தியைப் படிக்கிறேன்.

பழையரோல்:
அது சரி. அந்தப் பாதியை நான் மறந்துவிட்டேன். படம் எடுத்து வைக்கவில்லை அல்லவா.

பாரமில்லாப்பை:
ஹா ஹா. ஐயாவுக்கு ஒரு வணக்கம்.

நான் ஒரு விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. கடல்கிளி, கேமரா வாங்கினால் யார் எடுப்பார்? நீங்கள்தான். அப்படியானால் பத்து நாள் படங்களில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். என் வீட்டில் இப்படி ஒரு ஆல்பம் இருக்கிறது. ஒரு வாரப் பயணம், 700 படம், நான் இருப்பது நான்கில். அந்த நான்கிலும் ஃபோகஸ் எனக்குப் பின்னால் இருக்கும் மரத்தில். வழிப்போக்கரிடம் போனைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் எடுத்துவிடுவார். கேமராவைக் கொடுத்தால் எதை அழுத்துவது, எதைப் பார்ப்பது என்று வகுப்பு எடுக்க வேண்டும். உங்கள் அம்மாவாலும் போனில் எடுக்க முடியும். உங்கள் மகனாலும் முடியும்.

சொல்லப்போனால் மகன் எடுக்கும் படங்கள்தான் நன்றாக இருக்கும். அவர்கள் உயரத்திலிருந்து உலகம் வேறு மாதிரி தெரிகிறது.

ஒளிக்கீற்று:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முழு ஆட்டோவில் வைத்து, முகத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியைப் போட்டுக் கொடுத்தால் இப்போதைய கேமராக்களில் மரத்துக்கு ஃபோகஸ் போவது குறைவு. ஆனாலும் நீங்கள் சொல்வது சரி. எங்கள் வீட்டு ஆல்பத்திலும் நான் இல்லை.

மூணுகால்முத்து:
அதற்குத்தான் ட்ரைபாட். பத்து விநாடி டைமர். யாரும் என்னைக் கேட்பதில்லை.

கடல்கிளி:
முத்து தம்பி கேட்ட "எந்தப் படம்" என்ற கேள்விக்காக ஒரு வேலை செய்தேன். போன பயணத்தின் படங்களைத் திறந்து, நான் இதயக் குறி போட்டு வைத்தவற்றை மட்டும் பிரித்தேன். மொத்தம் 41. ஒவ்வொன்றின் விவரத்தையும் பார்த்தேன். 33 படம் மனிதர்கள், கை நீட்டினால் தொடும் தூரத்தில். ஐந்து படம் மலை, வானம். மூன்று படம் மகன் எடுத்தவை (ஒன்று அவனுடைய செருப்பு). விரலால் ஜூம் செய்த படம் ஒன்றுகூட இல்லை.

ஆக எனக்கு ஜூமே தேவையில்லை என்றுதானே அர்த்தம்?

பாரமில்லாப்பை:
வழக்கு முடிந்தது. வந்தவர்கள் கலையலாம்.

பறவைநோக்கி:
முடியவில்லை! இதயக் குறி போட்டவற்றில் ஜூம் படம் இல்லை என்றால், ஜூம் செய்து எடுத்தவை எல்லாம் அசிங்கமாக வந்தன என்று பொருள். பிடிக்காததால் குறி போடவில்லை. போரிலிருந்து திரும்பி வந்த விமானங்களின் ஓட்டைகளை மட்டும் எண்ணிவிட்டு, விழுந்த விமானங்களை மறந்த கதைதான் இது. குறி போடாத படங்களில் எத்தனை ஜூம் செய்தவை என்று எண்ணுங்கள்.

கடல்கிளி:
எண்ணினேன். ஒரு மணி நேரம் ஆனது, கணவர் முறைக்கிறார். மீதி 820இல் 190க்கு மேல் ஜூம் செய்தவை. குரங்கு, பறவை, தூரத்துப் படகு, மேடையில் ஆடியவர்கள், மலைமேல் தெரிந்த ஒரு வீடு. எதையும் திரும்பிப் பார்த்ததே இல்லை. பறவைநோக்கி சார் சொன்னதும் சரியாகத்தான் இருக்கிறது போல. இப்போது முன்பைவிடக் குழப்பம்.

பறவைநோக்கி:
190 முறை ஆசைப்பட்டிருக்கிறீர்கள், 190 முறையும் ஏமாந்திருக்கிறீர்கள். இதைவிடத் தெளிவாக ஒருவர் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதி வைக்க முடியாது.

பாரமில்லாப்பை:
அல்லது, படம் சரியாக வந்திருந்தாலும் அந்த மலை வீட்டைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். எனக்குத் தெரிந்து மனிதர்கள் இல்லாத படத்தை இரண்டாம் முறை பார்ப்பவர்கள் இந்த இழையில் எழுதுகிறவர்கள் மட்டும்தான்.

ஒளிக்கீற்று:
சரி, நடைமுறைக்கு வருவோம். கடல்கிளி, உங்களுக்கு மிரர்லெஸ் வேண்டாம். முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். ஐந்து வாரத்தில் இரண்டு லென்ஸ் வாங்கி, கடற்கரையில் லென்ஸ் மாற்றி, சென்சாரில் மணல் விட்டு, திரும்பி வந்து என்னைத் திட்டுவீர்கள்.

ஒரு அங்குலச் சென்சார் உள்ள சின்ன ஜூம் கேமரா பாருங்கள். (ஒரு அங்குலம் என்பது பெயர் மட்டும். உண்மையில் 13.2 × 8.8 மில்லிமீட்டர். பழைய வீடியோக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்து வந்த கணக்கு, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 2019இல் வந்த ஏழாவது பதிப்பு 24 முதல் 200 மில்லிமீட்டர் வரை எட்டும், எடை 302 கிராம். பறவைநோக்கியின் கணக்கையே போட்டால், 50 மீட்டரில் அது 9 மீட்டர் அகலம் பிடிக்கும். அந்த இரண்டு மீட்டர் விலங்குக்கு 1,200 புள்ளி. போனில் 115. பத்து மடங்கு. சஃபாரிக்கு 300 நல்லதுதான், ஆனால் சட்டைப்பையில் போகும் 200, அறையில் கிடக்கும் 300ஐவிடப் பயன்படும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: சாயங்கால முகத்துக்கு இது பெரிய மருந்தில்லை. சென்சார் உங்கள் போனைவிட 4 மடங்கு பெரிது, லென்ஸ் கொஞ்சம் இருட்டு. கழித்துப் பார்த்தால் ஒன்றரை மடங்கு லாபம். போனின் அடுக்கும் வித்தை அதைச் சாப்பிட்டுவிடும். அம்மாவைப் போனிலேயே எடுங்கள், ஆனால் ஜன்னலுக்கு அருகிலோ விளக்கைப் பார்த்தபடியோ உட்கார வைத்து. அழகூட்டும் வசதி ஏதாவது போட்டிருந்தால் முதலில் அணையுங்கள். மெழுகில் பாதி அதன் வேலையாக இருக்கலாம்.

கடல்கிளி:
அழகூட்டும் வசதி போட்டுத்தான் இருந்தது. மூன்று வருடமாக. யாரும் சிரிக்க வேண்டாம்.

மூணுகால்முத்து:
சிரிக்கவில்லை அக்கா. (சிரிக்கிறேன்.)

பாரமில்லாப்பை:
ஒளிக்கீற்று இறங்கி வந்ததால் நானும் ஒரு படி இறங்குகிறேன். ஆர்எக்ஸ் அளவு கேமரா என்றால் அலமாரிக்குப் போகும் வாய்ப்பு குறைவு. ஆனால் அதே பணத்தைப் போட்டு டெலிபோட்டோ உள்ள புதுப் போன் வாங்கினால் வருடம் முழுக்கப் பயன்படுமே? எப்படியும் மூன்று வருடப் பழைய போன்.

ஒளிக்கீற்று:
போன் மாற்றும் எண்ணம் ஏற்கெனவே இருந்தால் அதுதான் சரி, நானே சொல்வேன். ஐந்து மடங்கு டெலிபோட்டோ உள்ள போன் பகலில் நன்றாகவே எடுக்கும். ஆனால் அந்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் பெரும்பாலும் இன்னும் சின்னது. வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் சத்தமில்லாமல் சாதாரண லென்ஸுக்கு மாறி, வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும். திரையில் 5 என்றுதான் காட்டும்.

இன்னொன்று. பயணத்தில் போன்தான் டிக்கெட், வரைபடம், பணம், டார்ச் எல்லாம். சாயங்காலம் பேட்டரி 12 சதவீதத்தில் நிற்கும்போது படமும் அதிலேயே எடுக்க வேண்டும் என்பது எனக்குப் பயமாக இருக்கிறது. படகில் கை நழுவினால் எல்லாமே போச்சு.

பாரமில்லாப்பை:
போன் தொலைந்தால் படம் மேகத்தில் (இணையச் சேமிப்பில்) இருக்கும். கேமரா தொலைந்தால் கார்டோடு படமும் போகும். தினமும் இரவு கேமராவிலிருந்து போனுக்கு வைஃபையில் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பயணத்துக்கு வந்த மாதிரியே இருக்காது, அலுவலகத்துக்கு வந்த மாதிரி இருக்கும்.

பழையரோல்:
வாடகைக்கு எடுத்தால் என்ன? என் மருமகன் அப்படித்தான் செய்கிறான். பிடித்தால் வாங்கு, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு என்று.

மூணுகால்முத்து:
நல்ல யோசனைதான் ஐயா, ஆனால் சஃபாரி நடுவில் வருகிறது. இரண்டு நாளுக்காகப் பத்து நாள் வாடகை கட்ட வேண்டும், போகும் முன் பழகுவதற்கு இரண்டு மூன்று நாள் கூட. கூட்டிப் பார்த்தால் பழைய கேமரா வாங்கி, திரும்பி வந்து விற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரே இடத்தில் முழுக்கச் சஃபாரி என்றால் நானும் வாடகை என்றே சொல்லியிருப்பேன்.

கடற்கரை பற்றி ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவம். உள்ளிருந்து நீளும் லென்ஸ் உள்ள சின்னக் கேமராவை மணலில் வைத்தேன். வைத்தது ஒரு நிமிடம். மூடும்போது கரகரவென்று ஒரு சத்தம், அதோடு பாதியில் நின்றது லென்ஸ். பழுதுபார்க்கக் கேட்ட தொகைக்குப் பழைய கேமராவே இன்னொன்று வாங்கலாம் போலிருந்தது. கடற்கரையில் போனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் அலையில் நனைக்காதீர்கள். நீர் புகாது என்று போட்டிருப்பது நன்னீரில் சோதித்த கணக்கு, உப்பு நீருக்கு உத்தரவாதம் கிடையாது.

பறவைநோக்கி:
மலைக்கும் ஒன்று: குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் கேமராவை அப்படியே கொண்டுபோகாதீர்கள், கண்ணாடி வியர்க்கும். வெளியிலேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, உள்ளே வந்து அரை மணி கழித்துத் திறங்கள். விமானம் என்றால் உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. கேமராவின் கடிகாரத்தையும் போனின் கடிகாரத்தையும் கிளம்பும் முன் ஒன்றாக்குங்கள். இல்லையென்றால் இரண்டிலிருந்தும் வந்த படங்களைச் சேர்க்கும்போது சிறுத்தை கடலில் குளிக்கும்.

கடல்கிளி:
இந்த இழையை என் கணவர் முழுக்கப் படித்துவிட்டார். அவருக்கு 115 புள்ளிக் கணக்கு பிடித்துவிட்டது, இரண்டு நாளாக வீட்டில் எதைப் பார்த்தாலும் "இது எத்தனை புள்ளி" என்கிறார். முடிவு இதுதான்: புதிது வாங்கவில்லை. ஒளிக்கீற்று சொன்ன மாதிரிக் கேமரா பழையது ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, புது விலையில் பாதி. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். சஃபாரியில் கேமரா அவர் கையில், மற்ற நாட்களில் போன் யார் கையில் கிடைக்கிறதோ அவர் கையில். பாரமில்லாப்பை எழுதிய நான்கு படக் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ட்ரைபாடும் வாங்கு" என்றார்.

பழைய கேமராவில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

மூணுகால்முத்து:
உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒளிக்கீற்று:
உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எஃப்/11இல் முழு ஜூமில் இரண்டு மூன்று படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். சாம்பல் நிறப் பொட்டு எங்காவது ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தெரிந்தால் உள்ளே தூசி இருக்கிறது. லென்ஸ் கழற்ற முடியாத கேமராவில் அதை நாமே துடைக்க முடியாது, வாங்காமல் வந்துவிடுங்கள். லென்ஸை பத்துப் பதினைந்து முறை நீட்டி மடக்கிக் காது கொடுத்துக் கேளுங்கள். முத்து சொன்ன கரகர கேட்டால் அதுவும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா, மூலைகளில் அடிபட்ட தழும்பு இருக்கிறதா. வாங்கினால் மறுநாளிலிருந்தே மகன் விளையாடும்போது எடுத்துப் பழகுங்கள். ஓடும் பையனை எடுக்கத் தெரிந்தால் மான் சுலபம்.

பாரமில்லாப்பை:
போய்விட்டு வந்ததும் இங்கே இருபது படம் போடுங்கள். பத்து கேமராவில், பத்து போனில். எது எதில் எடுத்தது என்று சொல்லாமல்.

ஒளிக்கீற்று:
ஒத்துக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை, சிறுத்தை அதில் இருக்க வேண்டும்.

பாரமில்லாப்பை:
செருப்பும் இருக்க வேண்டும்.